விசாரணைக் கைதியின் விசாரம்

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5.73 லட்சம் பேர். அவர்கள் மனதைக் கேட்க 25 பேர். ஹைதராபாத் பெண்கள் சிறையிலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கின் பொருள் புரியும்.

ஹைதராபாதில் மலக்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது சஞ்சல்குடா. தமிழ்க் காதில் இந்தப் பெயர் சஞ்சலம் என்றே விழும். நிஜாம் ஆட்சியில், 1876இல் கட்டப்பட்ட மத்திய சிறையும் பெண்களுக்கான தனிச் சிறையும் இங்கேதான் இருக்கின்றன. சாலையில் ஆட்டோக்களின் இரைச்சல், சிறைத்துறையே நடத்தும் பெட்ரோல் பங்க். எந்தச் சிறையிலும் போல உள்ளே போக ஒரு திட்டிவாசல். குனிந்துதான் நுழைய வேண்டும்.

அந்த வாசலைக் கைதியும் தாண்டுகிறார், அவருடன் பேச வரும் உளவியலாளரும் தாண்டுகிறார். ஒருவருக்கு எப்போது வெளியே போவோம் என்று தெரியாது. இன்னொருவருக்குச் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தெரியும். இருவரும் மேஜைக்கு இரு பக்கமும் உட்காரும்போது இந்த வித்தியாசமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்த மேஜையில் முதலில் விரித்து வைக்க வேண்டியது குற்றப்பத்திரிகையோ உளவியல் சோதனைத் தாளோ அல்ல, முலாகாத் பதிவேடு. தமிழ்நாட்டுச் சிறைகளில் 'மனு' என்று சொல்வதை இங்கே முலாகாத் என்கிறார்கள்: வெளியிலிருந்து சொந்தபந்தம் வந்து பார்ப்பது. ஆண்கள் சிறை வாசலில் மனைவிகளும் தாய்களும் டிபன் பாத்திரமும் கைக்குழந்தையுமாக வரிசையில் நிற்பார்கள். பெண்கள் சிறை வாசலில் அந்த வரிசை சின்னது. ஆண் சிறைக்குப் போனால் குடும்பம் காத்திருக்கிறது. பெண் போனால், பல வீடுகளில் அன்றே உறவு கணக்குத் தீர்க்கப்பட்டு விடுகிறது. சிறைகளைப் பற்றி எழுதியவர்கள் நாடு முழுக்கக் கண்டு சொன்னது இது. பதிவேட்டில் முதல் மாதம் நான்கு வருகை, அடுத்த மாதம் இரண்டு, பிறகு வெற்றுக் கட்டம் என்றால் அந்தப் பெண்ணின் தூக்கம் எந்த வாரத்தில் போயிருக்கும் என்று கேட்காமலேயே ஊகிக்கலாம்.

2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772. நூற்றுக்கு நான்கு பேர். எண்ணிக்கை குறைவு என்பதே இவர்களுக்குப் பாதகம். சிறை என்ற அமைப்பு ஆண்களுக்காகக் கட்டப்பட்டது; பெண்கள் அதில் பின்கட்டில் குடிவைக்கப்பட்டவர்கள். ஆணோ பெண்ணோ, மொத்தக் கைதிகளில் முக்கால்வாசிப் பேர் தண்டனை பெற்றவர்கள் இல்லை, விசாரணைக் கைதிகள்.

சஞ்சல்குடா போன்ற ஒரு பெருநகரச் சிறைக்கு வரும் பெண்கள் யார்? வரதட்சணைச் சாவு வழக்கில் மாமியாரும் நாத்தனாரும் ஒரே நாளில் வருவார்கள். நகைத் திருட்டு, சீட்டு மோசடி. விசாகப்பட்டினம் மலைப் பகுதியிலிருந்து ஹைதராபாத் வழியாக மகாராஷ்டிரத்துக்குப் போகும் கஞ்சாவைக் கைப்பையில் சுமந்தவர்கள். பொட்டலம் யாருடையது என்று இவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. 20 கிலோவைத் தாண்டினால் ஜாமீன் குதிரைக்கொம்பு என்பதும் தெரியாது. குடும்பா காய்ச்சியவர்களும் உண்டு. தெலங்கானாவில் கள்ளச்சாராயத்துக்கு அதுதான் பெயர். தமிழ் வாசகர்கள் வேறு அர்த்தம் செய்துகொள்ளத் தேவையில்லை. காய்ச்சியது என்னவோ குடும்பத்துக்காகத்தான். கணவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் சிலருடைய பழைய மருத்துவச் சீட்டுகளைப் பார்த்தால், அந்த ஒரு ராத்திரிக்கு முன்னால் எத்தனையோ ராத்திரிகள் அடிபட்டுக் கழிந்தது தெரியும்.

மூன்று மொழியில் ஒரு வலி

சிறை உளவியலாளரின் கையில் இருக்கும் கேள்வித்தாள்கள் ஆங்கிலத்தில் பிறந்தவை. மொழிபெயர்த்தாலும் அவற்றின் நடை மாறுவதில்லை. 'சமீப நாட்களில் வழக்கமான வேலைகளில் நாட்டம் குறைந்திருக்கிறதா' என்ற வகைக் கேள்வியை ஒரு பாரக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். வழக்கமான வேலை எது? நாட்டம் வைக்க இங்கே என்ன இருக்கிறது? கேட்டவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

சஞ்சல்குடாவில் ஒரு மொழி தெரிந்தால் போதாது. தெலுங்கு, தக்கினி உருது, இந்தி, லம்பாடி என்று மொழிகள் கலந்து கிடக்கும் ஊர் இது. மனச்சோர்வு என்ற வார்த்தையோடு யாரும் வருவதில்லை. 'தலை நொப்பி' என்று ஒருவர் வருவார், தலைவலி. 'குண்டெ தட' என்பார் இன்னொருவர்; நெஞ்சுப் படபடப்பு. உருது பேசும் பெண் 'கப்ராஹட்' என்பார். அது பயமும் அல்ல, பதற்றமும் அல்ல. நெஞ்சுக்குள் யாரோ ஓடுவதுபோன்ற ஒன்று. எப்போதாவது ஒருவர் 'மனசு பாகலேது' என்று சொன்னால் உளவியலாளருக்குப் பாதி வேலை மிச்சம்.

சிறை டாக்டர் மாத்திரை கொடுப்பார். வலி ஒரு நாள் அடங்கும், மறுநாள் முதுகுக்கு இறங்கும். மூன்றாவது முறை அதே பெண் வந்தால் உளவியலாளரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்த டாக்டர் இருந்தால் அந்தச் சிறை அதிர்ஷ்டம் செய்தது. பெங்களூர் பரப்பன அக்ரஹாரா சிறையில் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் 5,024 கைதிகளைச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு நாட்டிலேயே பெரியது. போதைப் பழக்கத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே, நூற்றுக்கு 27 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோயின் அடையாளம் இருந்தது. சேர்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பேர். இவர்களில் எத்தனை பேர் 'தலைவலி' என்று சொல்லி வரிசையில் நின்றிருப்பார்கள்?

ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தெலுங்கில் 'விசாரம்' என்றால் துக்கம், கவலை. 'விசாரண' என்றால் வழக்கு விசாரணை. விசாரணைக் கைதிக்கு அங்கே 'விசாரண கைதி' என்றே பெயர். பழைய தமிழ் நாவல்களில் 'விசாரப்பட்டாள்' என்று வருமே, அதே சொல். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது மொழிப் பாடம். இரண்டும் ஒரே பெண்ணிடம் வந்து சேர்வது சிறைப் பாடம். தண்டனை பெற்றவருக்கு நாட்களை எண்ண ஒரு முடிவு இருக்கிறது. விசாரணைக் கைதி வாய்தாவை மட்டுமே எண்ணுகிறார். அவருடைய மனது அடுத்த வாய்தா தேதிக்கு அப்பால் போவதில்லை. அந்தத் தேதி தள்ளிப்போகும்போது மனதும் அதோடு சரிகிறது.

முதல் ராத்திரிகள்

உலகம் முழுவதும் சிறை உளவியலாளர்கள் ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயம், மிகவும் அபாயமான காலம் உள்ளே வந்த முதல் சில நாட்கள் என்பது. 2022இல் இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்த 159 பேரில் 119 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். இது ஆண், பெண் சேர்ந்த கணக்கு. அடுத்த அபாயம் வாய்தா முடிந்து ஜாமீன் இல்லை என்று திரும்பி வரும் சாயங்காலம். அதற்கடுத்தது, வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்த நாள்.

இந்த மூன்று நேரங்களிலும் உளவியலாளர் பக்கத்தில் இருப்பது அபூர்வம். அவர் வாரம் ஒருமுறையோ இருமுறையோ வருபவர். பாரக் பூட்டப்பட்ட பிறகு அந்தப் பெண்ணைப் பார்ப்பது இரவுப் பணி வார்டரும், பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரும்தான். ஆகவே மூத்த உளவியலாளரின் வேலையில் பெரும் பகுதி கைதிகளோடு பேசுவதே அல்ல, வார்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. அழுகிறவரைவிட அழுகையை நிறுத்திவிட்டவரைக் கவனி. சாப்பாட்டைத் தள்ளி வைப்பவரைக் கவனி. தன் சோப்பையும் புடவையையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிறவரை உடனே கவனி. இதை எட்டு மணி நேரம் நின்று கால் வீங்கிய ஒரு வார்டரிடம் சொல்லிப் புரியவைப்பது சுலபமில்லை. அவருக்கும் வீட்டில் காய்ச்சலோடு ஒரு குழந்தை இருக்கும்.

பிரிட்டனில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரையே பயன்படுத்தினார்கள். வேல்ஸின் ஸ்வான்ஸி சிறையில் 1991இல், சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு கைதிகளில் சிலருக்குக் காது கொடுத்துக் கேட்கப் பயிற்சி கொடுத்தது. நள்ளிரவில் ஒரு கைதிக்கு மனது தாங்கவில்லை என்றால் இன்னொரு கைதி போய் உட்காருவார். அந்த நாட்டின் மற்றச் சிறைகளுக்கும் அது பரவியது. நம் பெண்கள் சிறைகளில் பயிற்சியும் பெயரும் இல்லாமல் இதை எப்போதும் ஒரு அக்கா செய்துகொண்டுதான் இருப்பார். ஆயுள் தண்டனையில் பத்து வருஷம் கழித்த அக்கா புதிதாக வந்த பெண்ணுக்குத் தலை வாரிவிட்டு, டீயை ஆற்றிக் கொடுக்கிறார். நல்ல உளவியலாளர் முதலில் அந்த அக்காவைத்தான் தேடிப் பிடிப்பார்.

2010 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற 70 விதிகள் 'பாங்காக் விதிகள்' என்று அழைக்கப்படுகின்றன. பெண் கைதிகளுக்காக மட்டும் எழுதப்பட்டவை. உள்ளே வரும் பெண்ணின் உடலைப் போலவே மனதையும் சோதிக்க வேண்டும், முன்பு வன்முறைக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளானவரா என்று அறிய வேண்டும் என்கின்றன. இரண்டாவது விதிதான் முக்கியமானது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருக்கும் பெண்ணுக்கு, சிறைக்குள் போகுமுன்போ போகும்போதோ அந்தக் குழந்தைகளுக்கு ஏற்பாடு செய்ய இடம் தர வேண்டும். நடப்பில் போலீஸ் வேன் வரும்போது பள்ளிக்கூடம் போன பிள்ளை மாலையில் யாரிடம் போகும் என்று கேட்க யாரும் இருப்பதில்லை. பெண் கைதி உளவியலாளரிடம் முதல் சந்திப்பில் கேட்பது பெரும்பாலும் தன்னைப் பற்றி இருக்காது. 'என் பிள்ளை எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொல்ல முடியுமா மேடம்?'

இதற்குப் பதில் எந்தச் சிகிச்சை முறையிலும் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் இருக்கிறது. அந்த அழைப்பைச் செய்வது உளவியலாளரின் வேலையா, நல அலுவலரின் வேலையா என்று அலுவலகத்தில் விவாதிக்கலாம். விவாதம் முடிகிற வரைக்கும் அந்தப் பெண் தூங்கப்போவதில்லை.

ஆறு வயது

சில குழந்தைகள் வெளியே இல்லை, உள்ளேயே இருக்கின்றன. 2022 இறுதியில் 1,537 பெண்கள் 1,764 குழந்தைகளோடு சிறைகளில் இருந்தார்கள். இந்தக் குழந்தைகளுக்கான சட்டம் ஒரு வழக்கிலிருந்து பிறந்தது. வழக்கின் தலைப்பிலேயே ஆந்திரம் இருக்கிறது: ஆர்.டி. உபாத்யாய் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு மற்றும் பிறர். 1994இல் தொடுக்கப்பட்ட மனு. தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான சுப்ரீம் கோர்ட் பெஞ்ச் 2006 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு சொன்னது.

சிறையில் வளரும் குழந்தைகளைப் பற்றி அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்லும் விவரங்கள் எந்த உளவியல் பாடநூலுக்கும் குறைந்தவை அல்ல. வீடு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. தெருவில் ஒரு விலங்கைப் பார்த்தால் பயந்து நடுங்குகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆண்கள் போலீஸ்காரர்களும் சிறை அதிகாரிகளும்தான். பெண்களுக்கு நடுவிலேயே வளர்ந்த பையன்கள் பெண்பாலில் பேசுகிறார்கள். தமிழிலோ தெலுங்கிலோ 'நான் போகிறேன்' என்பதில் ஆண்பால் பெண்பால் கிடையாது, கேட்டால் தெரியாது. இந்தியில் உண்டு. வட இந்தியச் சிறை ஒன்றில் நான்கு வயதுப் பையன் 'மை ஜாத்தீ ஹூம்' என்று சொல்லிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஓடினால், அவனுக்கு இலக்கணம் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. தான் கேட்ட இலக்கணத்தைச் சரியாகப் பேசுகிறான்.

பிரசவம் கூடியவரை சிறைக்கு வெளியே நடக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் சிறையின் பெயர் இருக்கக் கூடாது. குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குழந்தைக் காப்பகம், ஆறு வயது வரை பாலர் பள்ளி. இத்தனையும் சொன்ன தீர்ப்பு ஒரு எல்லையையும் வகுத்தது. ஆறு வயது ஆனதும் குழந்தை தாயை விட்டு வெளியே போக வேண்டும். தாய் விரும்பும் உறவினரிடமோ, சமூக நலத்துறை நடத்தும் விடுதிக்கோ. வாரத்துக்கு ஒருமுறையாவது தாயைப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

எல்லை சரியானதுதான். ஆறு வயதுப் பிள்ளையைப் பூட்டுக்குள் வளர்க்க முடியாது. அந்தப் பிறந்தநாளைச் சமாளிப்பதுதான் பெண்கள் சிறை உளவியலாளருக்கு மிகக் கடினமான வேலை. தாய்க்கு நாள் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. ஆறு மாதம் முன்பிருந்தே தயார்ப்படுத்த வேண்டும். முதலில் பகலில் சில மணி நேரம் வெளியே பள்ளிக்கு, பிறகு விடுதியைப் போய்ப் பார்க்க, பிறகு ஒரு ராத்திரி தங்க. அழுது பிடித்துக்கொள்ளும் பிள்ளையைச் சமாளிப்பது ஒரு கஷ்டம் என்றால், அழாமல் போய்விடும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாயைச் சமாளிப்பது இன்னொரு கஷ்டம். அடுத்த வார முலாகாத்தில் அந்தப் பிள்ளை அம்மா மடியில் உட்காராமல் தள்ளி உட்காரும். கோபம் என்று தாய் நினைப்பார். அது பிழைக்கக் கற்றுக்கொண்டதன் அடையாளம் என்பதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு ஆள் வேண்டும்.

யாருக்காக வேலை?

சிறை உளவியலாளர் மனதில் எப்போதும் உறுத்தும் கேள்வி ஒன்று இருக்கிறது. தான் யாருடைய ஆள்? சம்பளம் சிறைத்துறை தருகிறது. நம்பிக்கையைக் கைதி தருகிறார். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சையில் சொல்லப்படுவதை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நடைமுறையில், பேசும் அறையின் கதவு திறந்தே இருக்கும். வாசலில் ஒருவர் நிற்பார். பாதுகாப்புக்கு.

இதைவிடச் சிக்கலானது சாட்சியச் சட்டம். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடச் சொல்லிக் கோர்ட் வற்புறுத்த முடியாது. டாக்டருக்கோ உளவியலாளருக்கோ அந்தப் பாதுகாப்பு நம் சட்டத்தில் இல்லை. சம்மன் வந்தால் கூண்டேறிப் பதில் சொல்ல வேண்டும். எனவே விவரம் தெரிந்த உளவியலாளர், விசாரணைக் கைதியிடம் முதல் நாளே சொல்லி வைப்பார்: அந்த ராத்திரி நடந்ததைப் பற்றி என்னிடம் சொல்ல வேண்டாம். சட்டப்படி இது நல்ல யோசனை. ஆனால் நெஞ்சை அழுத்துவது அந்த ராத்திரிதானே? அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசலாம் என்பது பல்வலிக்காரரிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு வைத்தியம் பார்ப்பது போல. வழக்கு ஐந்து வருஷம் இழுத்தால் ஐந்து வருஷமும் அந்தப் பேச்சு காத்திருக்கும்.

தண்டனை பெற்ற பிறகு வேறு தொல்லை. இங்கிலாந்தில் பெண்கள் சிறையின் மூத்த உளவியலாளர் சொந்தக் குழு ஒன்றை நடத்துகிறார். அவருடைய அறிக்கையைப் பரோல் வாரியம் கேட்டு வாங்குகிறது. கைதிக்கு அது தெரியும். கண்ணீர் எது, அறிக்கைக்கான கண்ணீர் எது என்று பிரிக்க வேண்டிய சங்கடம் அங்கே தொடங்குகிறது. நம் ஊரில் அந்தச் சங்கடம் பெரும்பாலும் இல்லை. காரணம், அறிக்கை எழுத ஆளே இல்லை.

2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு 500 கைதிகளுக்கு ஒரு உளவியலாளரோ ஆலோசகரோ வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் நாட்டுக்கு 1,100 பேருக்கு மேல் தேவை. 2025ஆம் ஆண்டு இந்திய நீதி அறிக்கை அரசுப் புள்ளிவிவரங்களிலிருந்து எண்ணிச் சொன்னது: உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களுமாக 25 பேர். ஒருவருக்கு ஏறத்தாழ 23,000 கைதிகள். பெண் கைதிகள் அத்தனை பேரையும் ஒரே ஒருவரிடம் ஒப்படைத்தது போல. பல மாநிலங்களில் இந்தப் பதவியே உருவாக்கப்படவில்லை. மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநல மருத்துவப் பிரிவு வேண்டும் என்று 2017 சட்டம் சொல்லியிருக்கிறது. ஹைதராபாதில் நிலைமை முற்றினால் போகும் இடம் எர்ரகட்டா மனநல ஆஸ்பத்திரி. முற்றாதவர்களுக்கு?

இவ்வளவு தாமதத்துக்கு அறியாமையைக் குறை சொல்ல முடியாது. பெண் கைதிகளைப் பற்றி ஆராய 1986இல் அமைக்கப்பட்ட தேசிய நிபுணர் குழுவுக்கு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைவர். பாலக்காட்டில் பிறந்து, 1957இல் கேரளத்தில் சிறைத்துறையையும் கவனித்த அமைச்சராக இருந்தவர். 1948இல் தாமே ஒரு மாதம் சிறையில் இருந்து பார்த்தவர். அவருடைய குழுவின் அறிக்கை 1987இல் வந்துவிட்டது.

ஹைதராபாதிலிருந்து கிளம்பிய ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். 2014இல் தெலங்கானா தனி மாநிலமான பிறகு, ஐ.பி.எஸ். அதிகாரி வி.கே. சிங் சிறைத்துறைத் தலைவராக இருந்தபோது, உஸ்மானியா பல்கலைக்கழக உளவியல் துறையில் பேராசிரியராக இருந்த பீனா சிந்தலபுரி 'உன்னதி' என்ற திட்டத்தை நடத்தினார். நம் உன்னதத்துக்கு உறவுச் சொல். திரும்பத் திரும்பச் சிறைக்கு வருபவர்களின் சிந்திக்கும் பழக்கத்தையே மாற்றப் பார்ப்பது நோக்கம்: கோபம் வந்ததும் கை நீளுமுன் நடுவில் ஒரு யோசனையை நுழைப்பது. அதே காலத்தில் கைநாட்டோடு உள்ளே வருபவர் கையெழுத்தோடு வெளியே போக வேண்டும் என்று எழுத்தறிவு வகுப்புகளும் நடந்தன. சிறைத்துறையின் பெட்ரோல் பங்குகளில் விடுதலையானவர்களுக்கும் வேலை கிடைத்தது. பல்கலைக்கழக உளவியல் துறை ஒன்று வகுப்பறையை விட்டுச் சிறைக்குள் வந்தது சின்ன விஷயமில்லை. ஆனால் இப்படிப்பட்ட திட்டங்கள் ஒரு அதிகாரியின் ஆர்வத்தையும் ஒரு பேராசிரியரின் உழைப்பையும் நம்பி நிற்பவை. நிரந்தரப் பதவி என்று ஒன்று இருந்தால்தான் ஆள் மாறினாலும் வேலை நிற்காது.

பெண்களைப் பொறுத்தவரை இன்னொரு சந்தேகமும் எழுகிறது. சிந்தனையை மாற்றுவது திரும்பத் திரும்பத் திருடுகிறவருக்குச் சரி. கஞ்சாப் பையைக் கணவன் சொல்லித் தூக்கிய பெண்ணிடம் எந்தச் சிந்தனையை மாற்றுவது? இங்கிலாந்தில் செஷயரில் உள்ள ஸ்டையல் பெண்கள் சிறையில் 2002, 2003இல் பன்னிரண்டு மாதத்துக்குள் ஆறு பெண்கள் இறந்தார்கள். அதன் விளைவாக அரசு கேட்டு வாங்கிய ஜீன் கார்ஸ்டன் அறிக்கை 2007இல் வந்தது. பெண்களுக்குப் பெரிய சிறைகளே வேண்டாம்; வீட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன நிலையங்கள் போதும் என்றார் அவர். லண்டனின் ஹாலோவே பெண்கள் சிறை 2016இல் மூடப்பட்டது. மற்றச் சிறைகள் நடக்கின்றன. அங்கே உளவியலாளர்கள் நிறைய. அப்படியும் மனவேதனை குறைந்துவிடவில்லை. வேதனைக்குக் காரணம் பல சமயம் மனதுக்கு வெளியே இருக்கிறது.

சஞ்சல்குடாவில் அது ஜாமீன்தாரர் வடிவத்தில் இருக்கலாம். கோர்ட் ஜாமீன் கொடுத்துவிடும். கையெழுத்துப் போட ஆள் இருக்காது. 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, வேறு மாவட்டத்துக்காரர் என்று அவர் தம்பியின் பொறுப்பையும் மறுத்த கோர்ட்டை இடித்துரைத்துத் தீர்ப்பு எழுதியவரும் கிருஷ்ணய்யர்தான். 2023இல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை கிடைக்கும் என்று அப்போது அறிவித்தார்கள். ஒரு பெண்ணின் குண்டெ தடவுக்கு மருந்து அந்த விண்ணப்பப் படிவமாக இருக்கலாம். அதை நிரப்பிக் கொடுக்கும் உளவியலாளர் தன் தொழிலை விட்டு விலகிவிட்டார் என்று சொல்ல முடியாது. நாள் முழுக்கப் படிவம் நிரப்பினால் மனதைக் கேட்க நேரம் இருக்காது என்பதும் உண்மை.

ஜாமீன் உத்தரவு பெரும்பாலும் மாலையில் வந்து சேரும். உடைமைகளைத் திருப்பிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, கதவு திறப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். முலாகாத் பதிவேட்டில் யார் பெயரும் இல்லாதவரிடம் உளவியலாளர் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி: இன்றைக்கு ராத்திரி எங்கே? இம்லிபன் பஸ் நிலையம் ஆட்டோவில் போகிற தூரம்தான். தெலங்கானா அரசு பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் உள்ளூர்க்காரர் என்று காட்ட ஆதார் போன்ற ஒரு அடையாள அட்டை வேண்டும். அது பெரும்பாலும் கணவர் வீட்டுப் பீரோவில் இருக்கும்.